தேக்கா, டேங்க் ரோடு, துறைமுகம்: பழைய சிங்கப்பூர்ச் செய்திப் படங்களைத் தேடிப் படிப்பது எப்படி

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ 1945க்கும் 1970க்கும் இடையில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் என்றால், அவர் நடந்த தெருவின் படம் ஏதாவது ஒரு செய்தித்தாளில் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவரே அதில் இருப்பார் என்று சொல்ல வரவில்லை. அவர் டீ குடித்த கடை, ஏறிய பஸ், தண்ணீர் பிடித்த தெருக்குழாய் இருக்கும். இவற்றில் பெரும்பகுதியைக் காசு செலவில்லாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே தேடலாம். முதல் முறை தேடுபவர்கள் பொதுவாக எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தேடலைத் தொடங்கும் முன் செய்தித்தாள் எதற்காகப் படம் போட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். படம் என்றால் செலவு. ஃபிலிம், ஃபிளாஷ் பல்பு, இருட்டறை வேலை, பிறகு துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்யும் கூலி. அதனால் சும்மா இருக்கும் தெருவைப் படம் எடுத்து வரச் சொல்லி யாரையும் அனுப்ப மாட்டார்கள். தெரு வெள்ளத்தில் மூழ்க வேண்டும், குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும், பள்ளி திறக்க வேண்டும், தீப்பிடிக்க வேண்டும், தேர்தல் வர வேண்டும், காவடி புறப்பட வேண்டும். அப்போதுதான் கேமரா வரும். வந்த கேமரா செய்தியை நடுவில் வைத்து எடுக்கும். அன்றாட வாழ்க்கை அதன் ஓரங்களில் தானாக வந்து மாட்டிக்கொள்ளும். நாம் தேடும் தமிழர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் நிற்கிறார்கள். சாலை போடுபவர், பால்காரர், பூக்கட்டுபவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் யாருடைய பெயரும் படத்தின் கீழே இருக்காது. எனவே செய்தியைத் தேடுங்கள், கிடைத்த பின் ஓரத்தைப் பாருங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு வழியின் விரிவுதான்.

முதல் படி: நாளைப் பிடியுங்கள்

"1950களில் சிராங்கூன் ரோடு" என்று மொத்தமாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். அதற்குப் பதில், கேமரா தெருவுக்கு வந்தே தீர வேண்டிய நாள்களின் பட்டியலை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்தல் நாள்கள்: 1955 ஏப்ரல் 2, 1959 மே 30. மறுநாள் இதழ்களில் வாக்குச்சாவடி வரிசைகளைத் தேடுங்கள். வேட்டி, சேலை, சீனப் பெண்களின் சாமஃபூ, மலாய்ப் பெண்களின் பாஜு குரோங் எல்லாம் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. தண்ணீர்ப் பங்கீடு: 1963 ஏப்ரலிலிருந்து 1964 பிப்ரவரி வரை. வாளி, மண்ணெண்ணெய்த் தகரம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்கும் பெண்கள் என்று வீட்டுக்குள் இருந்த பொருளெல்லாம் தெருவுக்கு வந்த காலம் அது. வெள்ளம்: 1954 டிசம்பர், 1969 டிசம்பர் 10. தீ விபத்து: 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ கம்பம் (குடிசைக் குடியிருப்பு) எரிந்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள்.

தீ விபத்துப் படங்களைத் தேடச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் ஒரு குடும்பம் எதை முதலில் காப்பாற்றி வெளியே கொண்டு வந்தது என்பது வேறெந்தப் படத்திலும் தெரியாது. தையல் இயந்திரம், மெத்தை, சாமி படம், கோழிக்கூடு. அவற்றைப் பார்க்கும்போது எதற்காகப் பார்க்கிறோம் என்ற நினைப்பும் கூடவே இருக்கட்டும்.

இவை தவிர ஆண்டுதோறும் வருபவை இருக்கின்றன: தைப்பூசம், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதி, தீபாவளிக்கு முந்தைய வாரத்துக் கடைத்தெரு, ஜனவரியில் பள்ளி திறப்பு. ஒவ்வோர் ஆண்டும் அதே கோணத்தில் அதே படத்தை எடுத்திருப்பார்கள். அதில் சலிப்படைய வேண்டாம். ஒரே இடம் பத்து ஆண்டுகளில் எப்படி மாறியது என்று பார்க்க அந்தச் சலிப்பூட்டும் வரிசையே நமக்கு உதவும்.

இரண்டாம் படி: நியூஸ்பேப்பர்எஸ்ஜி

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் நடத்தும் இணையத்தளம் இது. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிப்யூன், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு எனப் பல இதழ்களின் பக்கங்கள் இதில் இருக்கின்றன. பழைய இதழ்களில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்யாமலே எங்கிருந்தும் பார்க்கலாம். பிற்கால இதழ்கள் சிலவற்றை மட்டும் நூலகத்துக்கு நேரில் போய் அங்குள்ள கணினியில் பார்க்க வேண்டியிருக்கும்.

தேடும்போது தேதி வரம்பையும் இதழின் பெயரையும் கட்டாயம் குறுக்குங்கள். ஒரு நிகழ்வு என்றால் அதன் மறுநாளிலிருந்து நான்கு நாள் போதும். அப்புறம் ஒரு சின்னத் தந்திரம். தேடல் முடிவு ஒவ்வொன்றின் அருகிலும் அதில் எத்தனை சொற்கள் என்று போட்டிருக்கும். 400, 600 சொற்கள் என்றால் கட்டுரை. 30, 50, 70 என்று இருப்பவை பெரும்பாலும் படத்தின் கீழ் வரும் விளக்கம் அல்லது துணுக்குச் செய்தி. படம் தேடுபவர் இந்தச் சின்ன எண்களைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

இன்னொன்று: அன்றைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தன் படக்காரர் எடுத்த படங்களின் விளக்கத்தைப் பல நேரம் "ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பிக்சர்" என்று முடிக்கும். ஃப்ரீ பிரஸும் அதேபோல "ஃப்ரீ பிரஸ் பிக்சர்" என்று போடும். இந்தத் தொடரை ஆங்கில எழுத்தில், மேற்கோள் குறிக்குள் தட்டி, கூடவே தெருப்பெயரையும் சேர்த்துத் தேடினால் கட்டுரைகள் பெருமளவு விலகி நிற்கும்.

முடிவைத் திறந்ததும் வெட்டிய துண்டோடு நின்றுவிடாதீர்கள். முழுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். கணினி ஒரு பக்கத்தைத் துண்டு போடும்போது படத்தையும் அதன் விளக்கத்தையும் சில நேரம் பிரித்துவிடும். பக்கத்துச் செய்தியின் தலைப்பைத் தூக்கிப் படத்தின் தலையில் வைத்துவிடும். பக்கத்தில் என்ன செய்தி, எந்த விளம்பரம் என்று தெரிந்தால்தான் அந்தப் படத்துக்கு அன்று என்ன மரியாதை என்பதும் புரியும்.

ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்றதும் எல்லாம் சிங்கப்பூர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் அது மலாயா முழுவதற்குமான பத்திரிகை. ஈப்போவும் கிள்ளானும் கோலாலம்பூரும் அதே பக்கத்தில் வரும். ஊர்ப்பெயர் இல்லாத படத்தைச் சிங்கப்பூர் என்று முடிவு கட்டும் முன் விளக்கத்தை இன்னொரு முறை படியுங்கள்.

மூன்றாம் படி: அன்றைய பெயரில் தேடுங்கள்

புதியவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்று நாம் சொல்லும் பெயர்கள் அன்றைய ஆங்கிலப் பத்திரிகையில் இல்லை. "லிட்டில் இந்தியா" என்று 1955இல் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அது பின்னாளில் சுற்றுலாவுக்காகப் பரவிய பெயர். சிராங்கூன் ரோடு, பஃபலோ ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு என்று தெருத்தெருவாகப் போக வேண்டும். தேக்கா மார்க்கெட் நம் வாயில் எப்போதும் தேக்காதான், பத்திரிகைக்கோ அது கண்டாங் கெர்பாவ் மார்க்கெட். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் "செட்டியார் டெம்பிள்" என்று வரும். தீமிதியைத் தேட "ஃபயர் வாக்கிங்" என்று தட்டுங்கள். தைப்பூசம் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். முதல் எழுத்தான டி-க்குப் பின் எச் போட்டும் போடாமலும் இரண்டு முறை தேடுங்கள்.

மலாய்ச் சொற்களிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1972இல் மலாய் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தப்பட்டது. அதற்கு முன் 'ச' ஒலிக்கு சி, எச் என்று இரண்டு எழுத்து போடுவார்கள். கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) விற்கும் தமிழரைத் தேடுகிறீர்கள் என்றால் இன்றைய எழுத்துக்கூட்டலில் அகப்படமாட்டார். எச் சேர்த்தால் வருவார்.

தமிழர் என்ற சொல்லையும் நம்பியிருக்க முடியாது. ஆங்கிலப் பத்திரிகைக்கு அவர்கள் பெரும்பாலும் இந்தியர் அல்லது இந்து. வேலை செய்பவர் என்றால் வெறும் தொழிலாளி. அதனால் ஆளைத் தேடாமல் அவர் வேலை பார்த்த இடத்தைத் தேடுங்கள். துறைமுகம் என்றால் 1964க்கு முன் "ஹார்பர் போர்டு". அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அது துறைமுக ஆணையமாக, பி.எஸ்.ஏ. ஆனது. நகரத் துப்புரவு, சாலை, மின்சாரம் என்றால் 1951 வரை "முனிசிபல்", அந்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் நகரத் தகுதி பெற்ற பிறகு "சிட்டி கவுன்சில்". செம்பவாங் பக்கம் என்றால் "நேவல் பேஸ்". மூன்றிலும் தமிழர்களும் மலையாளிகளும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். வேலைநிறுத்தம், சம்பள நாள், குடியிருப்புத் திறப்பு விழா போன்ற செய்திகளின் படங்களில் அவர்களைக் காணலாம்.

கப்பல் பெயரையும் மறந்துவிட வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடிய ரஜுலாவின் பெயரைத் தட்டிப் பாருங்கள். கப்பல் வருகைப் பட்டியல்கள்தான் நிறைய வந்து குவியும், பொறுமை வேண்டும். நடுநடுவே கப்பல்தளப் படங்கள் அகப்படும்.

நான்காம் படி: தமிழ் முரசைத் தனியாகப் புரட்டுங்கள்

தமிழ் முரசைச் சொல் தேடலால் பிடிக்கப் பார்ப்பது வீண். பழைய தமிழ் அச்சை இயந்திரம் படித்துத் தரும் என்று நம்பாமல், தேதி வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு நிகழ்வைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் முன்பின் ஒரு வாரத்து முரசைப் பார்ப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முரசில் தெருப் படங்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கூட்டம், மேடை, மாலை போட்ட தலைவர், சங்கத்தின் குழுப் படம் இவைதான் மிகுதி. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் விழாக்களின் செய்திகளில் இதை நன்றாகக் காணலாம். பல பேர் இந்தக் குழுப் படங்களைப் பார்த்ததும் தள்ளிவிடுகிறார்கள். நான் தள்ள மாட்டேன். ஆங்கிலப் பத்திரிகை பெயரில்லாமல் விட்ட ஆள்களுக்கு இங்கே பெயர் இருக்கிறது, தலைப்பெழுத்து இருக்கிறது, சில நேரம் சொந்த ஊர்கூட இருக்கிறது. ஒரு தெருவில் எந்தச் சங்கம் இருந்தது, யார் செயலாளர், எந்தக் கடைக்காரர் நன்கொடை கொடுத்தார் என்பதெல்லாம் முரசில்தான். ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து தெருவையும் முரசிலிருந்து பெயரையும் எடுத்துச் சேர்த்துக்கொள்வதுதான் தொழில்.

முரசின் விளம்பரங்களையும் விட வேண்டாம். துணிக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக் கடை விளம்பரத்தில் கதவு எண்ணோடு முகவரி இருக்கும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் படத்தின் ஓரத்தில் பாதி தெரியும் பெயர்ப்பலகையை அடையாளம் காட்ட இதுவே போதும்.

ஐந்தாம் படி: படத்தின் கீழே இருப்பதைச் சந்தேகத்தோடு படியுங்கள்

விளக்கத்தில் "நேற்று" என்று இருந்தால் இதழ்த் தேதிக்கு முதல் நாள். நாள் எதுவும் சொல்லாமல் "சிங்கப்பூரில் ஒரு காட்சி" என்ற பாணியில் இருந்தால், அந்தப் படம் அலுவலக அலமாரியில் எவ்வளவு காலம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. செய்தி குறைவான நாளில் பக்கத்தை நிரப்பப் பழைய படத்தை எடுத்துப் போடுவது எல்லாப் பத்திரிகையிலும் உள்ளதுதான். இப்படிப்பட்ட படத்துக்கு இதழ்த் தேதியை எடுத்த தேதியாக எழுதக் கூடாது. "இந்தத் தேதிக்கு முன்" என்று மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, இது தானாக நடந்ததா, நிற்க வைத்து எடுத்ததா என்று பாருங்கள். அன்றைய பத்திரிகைக் கேமராக்களில் பெரியவை ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான் எடுக்கும். 120 ஃபிலிம் போட்ட ரோலிஃபிளெக்ஸிலும் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டுதான். கண்டபடி சுட்டுத் தள்ள முடியாது. "அந்த வாளியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லியே நிறையப் படங்கள் எடுக்கப்பட்டிருக்கும். முன்வரிசையில் எல்லார் முகமும் பளிச்சென்று ஒரே பக்கம் திரும்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. சிரிக்கச் சொன்னது படக்காரர். வாளி, குழாய், பின்னால் காயும் துணி எல்லாம் அவர் கொண்டு வந்தவை இல்லை.

அதே நிகழ்வை இன்னொரு பத்திரிகை எப்படிப் போட்டது என்றும் பாருங்கள். 1962 தொடக்கம் வரை ஃப்ரீ பிரஸ் இருந்தது. இரண்டு படக்காரர்கள் இரண்டு பக்கம் நின்றிருந்தால் ஒருவர் வெட்டிவிட்ட ஓரம் இன்னொருவர் படத்தில் நடுவில் வந்திருக்கலாம்.

ஆறாம் படி: தேதி சொல்லும் பொருள்கள்

விளக்கமே இல்லாத படம் கைக்கு வரும். குடும்ப ஆல்பத்தில் ஒட்டிய பத்திரிகைத் துண்டு, வாட்சாப்பில் "பழைய சிங்கப்பூர்" என்று சுற்றும் படம், இப்படி ஏதாவது. அப்போது ஊர் வரலாற்றின் உறுதியான தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு முன்", "இதற்குப் பின்" என்று இரண்டு பக்கமும் நெருக்க வேண்டும்.

கொடியைப் பாருங்கள். பிறையும் ஐந்து நட்சத்திரமும் உள்ள கொடி 1959 டிசம்பரில்தான் வந்தது. கூரையில் தொலைக்காட்சி ஆண்டெனா தெரிகிறதா? ஒளிபரப்பு தொடங்கியது 1963 பிப்ரவரி. தெருவுக்கு மேல் இரட்டைக் கம்பியும் அதைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ்ஸும் இருந்தால் டிராலிபஸ். 1962 முடிவோடு அது நின்றது. விமான நிலையத்தில் மாலையோடு வழியனுப்பும் படத்தில் பின்னால் காலாங் கட்டுப்பாட்டுக் கோபுரம் தெரிந்தால் 1955க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. அந்த ஆண்டு விமானங்கள் பாய லேபாருக்குப் போய்விட்டன.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். டேங்க் ரோட்டில் காவடி, தேதி இல்லை. பின்னால் உயரமான ராஜகோபுரம் தெரிந்தால் அது நம் காலகட்டமே இல்லை. இன்றுள்ள கோயில் கட்டடம் 1983இல் எழுந்தது. கோபுரம் இல்லை, ஆனால் தூரத்தில் ஐந்து கூர்முனைகள் வரிசையாக நிற்கும் முகப்பு தெரிகிறது என்றால் அது தேசிய அரங்கம். 1963இல் திறந்து 1986இல் இடிக்கப்பட்டது. ஆக 1963க்கும் 1983க்கும் இடையில் என்று வந்துவிட்டது. அரங்கம் தெரிய வேண்டிய கோணம்தான், ஆனால் அங்கே வெற்று மேடும் மரமும் மட்டும் இருக்கின்றன என்றால் 1963க்கு முன். இதற்கு மேல் சுருக்க, கூட்டத்தில் நிற்கும் கார்களின் மாடலையும் பெண்கள் ரவிக்கையின் கையையும் பார்ப்பவர்கள் உண்டு. கார் பரவாயில்லை. ரவிக்கை ஆபத்து. பாட்டிகள் இருபது ஆண்டுக்கு முந்திய தையலைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி சினிமாச் சுவரொட்டி. படத்தின் மூலையில் ஒரு தமிழ்ப் படத்தின் பெயர் பாதி தெரிந்தாலும் போதும். நார்த் பிரிட்ஜ் ரோட்டிலிருந்த டைமண்ட், ராயல் போன்ற கொட்டகைகளின் விளம்பரங்கள் நாளிதழ்களில் வந்தன. எந்தப் படம் எந்த வாரம் ஓடியது என்று அதே இதழ்களில் தேடி, நம் படத்தின் வாரத்தையே பிடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: சென்னையில் வெளியான தேதியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. படப்பெட்டி கப்பலேறி இங்கே வந்து சேரும் தேதி வேறு. பழைய படத்தை மறுபடி ஓட்டுவதும் வழக்கம்.

ஏழாம் படி: நல்ல பிரதியைத் தேடிப் போங்கள்

இணையத்தில் நீங்கள் பார்க்கும் பக்கம் மைக்ரோஃபிலிமிலிருந்து, அதாவது பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்து வைத்த சுருளிலிருந்து வந்தது. அந்த ஃபிலிம் எழுத்தைப் படிக்கத்தான் எடுக்கப்பட்டது. கறுப்பு நல்ல கறுப்பாக, வெள்ளை நல்ல வெள்ளையாக வர வேண்டும் என்பதே குறி. நடுவில் உள்ள சாம்பல் அழிந்துபோகும். இதில் அதிகம் அடிபடுவது கறுத்த முகங்கள். நண்பகல் வெயிலில் சாலை போடும் நம் ஆள்களின் முகம் கண்ணும் மூக்கும் இல்லாத மைத்திட்டாக இருக்கும். பக்கத்தில் தொப்பி போட்டு நிற்கும் வெள்ளைக்கார மேற்பார்வையாளரின் முகம் தெளிவாகத் தெரியும். அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, தாத்தா இதில் இருக்கிறாரா இல்லையா என்று முடிவு செய்யாதீர்கள்.

உருப்பெருக்கினால் தெளியும் என்று நினைக்காதீர்கள். அச்சில் படம் என்பது புள்ளிகள்தான். பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். திரையில் சிறிதாக்கி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். முகம் கூடி வரும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டுத் தெளிவாக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவை புள்ளிகளுக்கு நடுவே இல்லாத முகத்தை வரைந்து தருகின்றன. அந்த முகம் யாருடைய தாத்தாவும் இல்லை. வண்ணம் பூசும் செயலியும் அப்படித்தான். அது சேலைக்குக் கொடுத்த நிறம் அதன் சொந்தக் கற்பனை.

செய்ய வேண்டியது வேறு. கெனிங் ரைஸில் இருக்கும் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தொகுப்பில், அதே தேதியையும் இடத்தையும் கொண்டு தேடுங்கள். அரசின் படக்காரர்களும் அதே நிகழ்வுகளுக்குப் போனார்கள். குறிப்பாக 1959க்குப் பிறகு அமைச்சர்கள் தொகுதி சுற்றிய படங்கள் ஏராளம். அமைச்சர் கைகுலுக்குவது நடுவில். சுற்றிலும் கம்பத்துக் குழந்தைகள், கடை வாசல், சைக்கிள். இவை செய்தித்தாளிலிருந்து எடுத்தவை அல்ல, நெகட்டிவிலிருந்தும் அச்சுப் பிரதியிலிருந்தும் எடுத்தவை, அதனால் சாம்பல் நிறங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. செய்தித்தாள் நிறுவனம் தன் படக்காரர்களின் மூலப் படங்களைத் தனியாக வைத்திருக்கிறது. உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட படம் வேண்டுமென்றால் இதழ், தேதி, பக்கம் மூன்றையும் கொடுத்து அவர்களிடமே கேட்க வேண்டும்.

ஆவணக்காப்பகத்தில் படத்தோடு வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் இருக்கின்றன. 1979இல் தொடங்கிய திட்டம் அது. தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள், பல பதிவுகளை இணையத்திலேயே கேட்கலாம். துறைமுகப் படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்த்தவர் பேசுவதைக் கேட்டால், கூட்டத்தில் கையில் கொக்கியோடு நிற்பவர் எதற்காக அதை வைத்திருக்கிறார் என்பது தானே தெரியும்.

எட்டாம் படி: வீட்டுப் பெரியவர்களிடம் காட்டும் முறை

படத்தைக் காட்டும்போது விளக்கத்தை மறைத்துவிடுங்கள். "இது 1958, தேக்கா, சரிதானே பெரியம்மா?" என்று கேட்டால் "ஆமாய்யா" என்றுதான் பதில் வரும், மரியாதைக்காகவாவது ஆமாம் சொல்வார்கள். வெறுமனே படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு கேள்வி கேட்பதானால் சின்னச் சின்னப் பொருளைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கடையில் என்ன விற்றது, இந்த வண்டி எங்கே நிற்கும், இந்தச் சந்து எங்கே போய் முட்டும்? ஆண்டைக் கேட்பதால் பயனில்லை. "தம்பி பிறக்கறதுக்கு முன்னாடி", "நாங்க குவாட்டர்ஸ்ல இருந்தப்ப" என்று அவர்கள் கணக்கிலேயே சொல்லட்டும். அதை ஆண்டாக மாற்றுவது நம் வேலை.

ஒருவர் ஒரு முகத்தைக் காட்டி "இது எங்க மாமா" என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதோடு. அதை உண்மை என்று வெளியில் எழுத இன்னொருவரும் தனியாக அதையே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்பதாம் படி: குறிப்பும் அனுமதியும்

இது அலுப்பான பகுதி, ஆனால் தப்பிக்க முடியாது. படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டால் அது மறுபடியும் வாட்சாப் படம்தான். ஒவ்வொரு படத்துக்கும் இதழின் பெயர், தேதி, பக்கம், இணைய முகவரி, விளக்கத்தின் முழு வாசகம் (பிழையோடு அப்படியே) இவற்றை எழுதுங்கள். நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஒவ்வொரு செய்தியோடும் மைக்ரோஃபிலிம் சுருள் எண்ணையும் தருகிறது. அதையும் குறித்தால் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போகும்போது சுருளை நேராகக் கேட்டு வாங்கலாம். ஆவணக்காப்பகப் படம் என்றால் அதன் சேர்க்கை எண். உங்கள் ஊகங்களைத் தனி வரியில், காரணத்தோடு எழுதுங்கள்: "1963க்கு முன், தேசிய அரங்கம் இல்லை." காரணம் எழுதாத ஊகம் அடுத்த ஆண்டு உங்களுக்கே உண்மை போலத் தெரியும்.

இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதற்காக இலவசமாக வெளியிடலாம் என்று பொருள் இல்லை. வீட்டில் பார்ப்பதற்கும் குறிப்பெடுப்பதற்கும் தடையில்லை. மலரில், புத்தகத்தில், கண்காட்சியில் போடுவதானால் உரிமை யாரிடம் என்று பார்த்து எழுதிக் கேளுங்கள். செய்தித்தாள் படத்துக்கு அதன் நிறுவனம், அரசுப் படத்துக்கு ஆவணக்காப்பகம். கோயில் குடமுழுக்கு மலர் போடும் நண்பர்கள் இதைக் காதிலேயே வாங்குவதில்லை, அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஐந்து நிமிடம்தான் ஆகும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் சில படங்களைப் பகிர வேண்டாம் என்று சொல்வேன். காவல் நிலையம், மருத்துவமனை, தற்கொலை, வழக்கு சம்பந்தப்பட்ட படங்களில் அன்றைய பத்திரிகை பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் போட்டுவிடும். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஊரில் இருக்கிறார்கள்.

நீங்கள் கண்டுபிடித்ததை எங்கே கொடுப்பது என்றும் கேட்பார்கள். 2015இல் ஆவணக்காப்பகம் "சிட்டிசன் ஆர்க்கிவிஸ்ட்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. சரியான விளக்கம் இல்லாத படங்களை அதில் போட்டிருக்கிறார்கள். இடம், ஆள், நிகழ்வு தெரிந்தவர்கள் எழுதலாம். முதலில் இந்தியர் என்று மட்டும் குறித்த படங்களைத் தேடிப் பாருங்கள். கோயிலையும் சடங்கையும் அடையாளம் சொல்ல நமக்குச் சில நொடி போதும்: இது பால்குடம், இது அலகுக் காவடி, இது தேர் புறப்பாடு. எழுதும்போது எப்படித் தெரியும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சரிபார்ப்பவர்களுக்கு அந்த வரிதான் வேண்டும்.